கருங்கல் என்னும் பொதுச்சொல்: தென்காசி விசுவநாதர் கோயிற் கட்டுமானக் கல்லும் அதைப் பற்றிய எழுத்தும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தென்காசி காசி விசுவநாதர் கோயில் குறித்த தமிழ் எழுத்துகள் அதன் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் விரிவாகப் பேசுகின்றன. அவற்றைத் தாங்கும் கல்லோ 'கருங்கல்' என்னும் பொதுச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் பாறையியல், கல் எடுக்கும் முறை, சிற்ப நூல்களின் கற்பரீட்சை, கோபுரத்தின் கட்டுமான அமைப்பு ஆகியவற்றை ஒருங்கே வைத்து இக்கட்டுரை அப்பொதுச்சொல்லைத் திறனாய்வு செய்கிறது. பராக்கிரம பாண்டியனின் வேண்டுகோட் செய்யுளைப் பத்தியின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளாமல், கட்டுமானப் பொருளின் இயல்பை அறிந்த கூற்றாகவும் வாசிக்க இடமுண்டு என்பது இதன் கருதுகோள். அவ்வாசிப்பு இன்றைய திருப்பணி முறைகளை மதிப்பிடவும் ஓர் அளவுகோலைத் தருகிறது.

திறவுச்சொற்கள்: தென்காசி, குற்றாலம், பராக்கிரம பாண்டியன், கற்றளி, சார்னோக்கைட், கல்தச்சர், திருப்பணி

1. முன்னுரை

கோயிற்கலை குறித்த தமிழ் ஆய்வுகளில் அடிக்கடி வரும் தொடர்களுள் ஒன்று 'முழுவதும் கருங்கல்லால் ஆனது' என்பது. ஒரு செய்தியைச் சொல்வதுபோல் தோன்றினாலும் அது வாசகருக்குத் தருவது மிகக் குறைவு. அக்கல் எவ்வகைப் பாறை, எவ்வாறு பிளக்கப்பட்டது, கட்டடத்தின் எப்பகுதி கல், எப்பகுதி கல் அன்று, மழையும் வெயிலும் அதை என்ன செய்கின்றன என்னும் வினாக்கள் அத்தொடரோடு அடங்கிப்போகின்றன. கல்வெட்டிலுள்ள ஒரு குறி ரகரமா காலா என்று நுணுகி விவாதிக்கும் புலமை மரபு, அக்குறியைத் தாங்கும் கல்லைப் பற்றி ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது.

இக்குறையைப் பொதுவாகச் சொல்லிச் செல்வதைவிட ஒரு கோயிலை முன்வைத்து ஆராய்வதே பயன்தரும். தென்காசி அதற்கு மிகவும் பொருத்தமான இடம். கோயிலைக் கட்டிய அரசனே தன் கட்டடத்திற்குப் பிற்காலத்தில் நேரக்கூடிய பழுதைப் பற்றிச் செய்யுளில் பேசியிருக்கிறான். அக்கோயிலின் கோபுரம் பின்னர் மேல்நிலைகளை இழந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்று, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுப்பப்பட்டது. சொன்ன சொல்லும் நேர்ந்த பழுதும் ஒரே இடத்தில் கிடைப்பது ஆய்வாளர்க்கு அரிய வாய்ப்பு.

2. கோயிலும் அதன் செய்யுட் கல்வெட்டுகளும்

14ஆம் நூற்றாண்டில் மதுரையை இழந்த பாண்டியர் மரபு தெற்கே ஒதுங்கித் தென்காசியைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. அரிகேசரி என்றும் அறியப்படும் சடையவர்மன் பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயிற் பணியைத் தொடங்கினான். கோபுரப் பணி சில ஆண்டுகள் கழித்துத் தொடங்கி, 1463இல் அவன் மறைந்தபின் அவன் தம்பி குலசேகர பாண்டியன் காலத்தில் நிறைவெய்தியது. வடக்கே உள்ள காசிக்கு நிகராகத் தெற்கே ஒரு காசி என்பது கோயிலின் பெயரிலேயே உள்ள கருத்து. தலைநகரை இழந்த ஓர் அரசமரபு தன் இருப்பைக் கல்லில் நிறுவிக்கொண்ட முயற்சியாகவும் அதைக் காணலாம்.

தென்காசிப் பாண்டியர் கல்வெட்டுகளை டி. ஏ. கோபிநாத ராவ் திருவாங்கூர் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். அரசர் வரிசையையும் ஆண்டுக் கணக்கையும் நிறுவுவதற்கு அப்பதிப்பு பேருதவி செய்தது. பின்வந்த இலக்கிய ஆய்வாளர்கள் செய்யுட் கல்வெட்டுகளைத் தனிப்பாடல்களைப் போலவே அணுகி, அவற்றின் யாப்பையும் பத்தியுணர்வையும் பாராட்டினர். இவ்விரு அணுகுமுறைகளும் தத்தம் அளவில் சிறந்தவையே. எனினும் இரண்டிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. கல்லிலிருந்து எழுத்து தாளுக்கு வந்ததும் கல்லின் வேலை முடிந்துவிடுகிறது. செய்யுள் எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில், எத்தகைய முகப்புடைய கல்லில் உள்ளது என்பன பதிப்பின் முன்குறிப்போடு ஒதுங்கிவிடுகின்றன.

அச்செய்யுள்களுள் பெரிதும் அறியப்பட்டது அரசனின் வேண்டுகோள். இக்கோயிலில் வரக்கூடாத குற்றம் ஏதேனும் பின்னாளில் வருமானால், அதைச் சரியான முறையில் நீக்கிக் காப்பவர் எவராக இருந்தாலும் அவரைத் தான் உலகறியப் பணிவதாக அவன் கூறுகிறான். இச்செய்யுளை உரைத்தவர் பலரும் அரசனின் பணிவையே வியந்துள்ளனர். முடியுடைய மன்னன் முகமறியாத ஒருவரைப் பணிவது வியப்புக்குரியதே. ஆனால் அப்பணிவின் காரணம் 'குற்றம்' என்னும் சொல்லில் இருக்கிறது. கட்டடத்திற்குக் குற்றம் வரும் என்று அவன் ஏன் எண்ணினான் என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா. இதற்கு விடை காணக் கல்லின் பக்கம் திரும்ப வேண்டும்.

3. ஒரு பெயருக்குள் பல பாறைகள்

வணிகத்தில் 'கிரானைட்' என்பதும் பேச்சில் 'கருங்கல்' என்பதும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. கடினமாக, மெருகேற்றத்தக்கதாக உள்ள எல்லாப் பாறையும் இப்பெயர்களுக்குள் அடக்கப்படுகிறது. பாறையியலில் கிரானைட் என்பது உருகிய பாறைக் குழம்பு ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து உருவான தீப்பாறை. தென்காசிக்கு மேற்கே எழும் மலைகளில் பரவலாகக் காணப்படுவன உருமாறிய பாறைகள்: நைஸ், சார்னோக்கைட், கோண்டலைட் முதலியன.

இவ்வட்டாரத்தை ஒட்டி அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலம் செல்கிறது. தென்னிந்தியப் பாறைப் பரப்பில் வடக்கிலுள்ள மதுரைத் தொகுதியையும் தெற்கிலுள்ள திருவனந்தபுரத் தொகுதியையும் பிரிக்கும் எல்லையாக நிலவியலாளர் அதைக் கொள்கின்றனர். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றுசேர்ந்த காலத்தில், பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இப்பாறைகள் உருமாறின. எல்லைப் பகுதியாதலால் குறுகிய தொலைவுக்குள் பாறையின் வகை மாறுகிறது. ஒரு கோயிலுக்குத் தேவையான ஆயிரக்கணக்கான கற்களைத் திரட்டுவோர்க்கு இம்மாற்றம் வெறும் ஏட்டுச் செய்தியன்று. கையில் படும் உண்மை.

இவற்றின் வேறுபாட்டைச் சுருக்கமாகக் காண்போம். நைஸ் பாறையில் வெளிர்நிறமும் கருநிறமும் மாறி மாறிப் பட்டைகளாக ஓடும். அப்பட்டைகளின் போக்கில் பிளப்பது எளிது. குறுக்கே பிளப்பது கடினம். சார்னோக்கைட் புதிதாக உடைக்கும்போது எண்ணெய் பூசியது போன்ற பசுமை கலந்த சாம்பல் நிறம் காட்டும்; வெளியில் கிடக்கக் கிடக்கப் பழுப்பேறும். நீர் உட்புகும் துளைகள் மிகக் குறைவாக உள்ளமையால் நெடுங்காலம் தாங்கும். கோண்டலைட்டில் கார்னெட், சிலிமனைட், கிராஃபைட் முதலிய கனிமங்கள் கலந்திருக்கும். அது செதுக்குவதற்கு இணங்கும். ஆனால் மழைக்கும் காற்றுக்கும் விரைவில் தளரும்.

சார்னோக்கைட் என்னும் பெயர் வந்த வரலாறும் இங்குக் கருதத்தக்கது. கொல்கத்தாவில் தூய யோவான் தேவாலய வளாகத்திலுள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அதே வகைப் பாறை சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் இருப்பதைக் கண்டு 1893இல் இப்பெயரை முன்மொழிந்தார். உலகெங்கும் வழங்கும் ஒரு பாறைப் பெயர், ஒரு நினைவுக் கல்லை 'இது எந்தப் பாறை, எங்கிருந்து வந்தது' என்று கேட்டதனால் பிறந்தது. தமிழ்நாட்டின் கல் அக்கேள்விக்கு விடையாயிற்று. அதே கேள்வியை நம் கோயிற் கற்களிடம் நாம் வழக்கமாகக் கேட்பதில்லை.

கேட்காமையால் நேரும் இழப்பை ஒடிசா காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கொணாரக் சூரியன் கோயில் பெரும்பாலும் கோண்டலைட்டால் ஆனது. கடற்காற்றும் ஈரமும் அதன் சிற்பங்களைத் தேய்த்துவிட்டன. முன்மண்டபம் இடியாமல் இருக்க 1903இல் அதன் உட்புறத்தை மணலால் நிரப்பி அடைத்தனர். அங்குக் கல்லின் வகையை அறியாமல் பாதுகாப்பைப் பேச இயலாது என்பது தெளிவாகிவிட்டது. இங்கோ 'கருங்கல்' என்ற சொல் எல்லாக் கற்களுக்கும் ஒரே வலிமையை வழங்கிவிடுவதால் அத்தெளிவு பிறக்கவே இடமில்லாமல் போகிறது.

4. மலையிலிருந்து கல்

பாறையைக் குடைவதற்கும் கல்லை எடுத்துக் கட்டுவதற்கும் இடையே பாண்டிய நாட்டில் சில நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. தென்காசி மாவட்டத்திலேயே மலையடிக்குறிச்சி, திருமலாபுரம், வீரசிகாமணி ஆகிய இடங்களில் குடைவரைகள் உள்ளன. சற்றுக் கிழக்கே கழுகுமலையில் உள்ள வெட்டுவான் கோயில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முற்றுப்பெறாத ஒற்றைக்கல் தளி. சுற்றிலும் பாறையை அகழ்ந்து இறக்கி, நடுவில் நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியுள்ளனர். மேற்பகுதி நிறைவுற்று, கீழ்ப்பகுதி நின்றுபோயிற்று. சிற்ப அழகுக்காகப் போற்றப்படும் இத்தளி, வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதை இன்றும் காட்டும் ஒரு பணித்தளமாகவும் நிற்கிறது.

கட்டுமானக் கோயிலுக்குரிய கல்லை எடுப்பது வேறு வகைத் தொழில். பாறையின் போக்கைப் பார்த்து, வேண்டிய கோட்டில் உளியால் வரிசையாகக் குழிகள் வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறுக்கிச் சம்மட்டியால் மாறி மாறி அடித்தால் அக்கோட்டில் கல் பிளக்கும். பழைய பாறைகளின் விளிம்புகளில் பல்வரிசை போலக் காணப்படும் பாதிக் குழிகள் இம்முறையின் தடயங்கள். தீயிட்டுப் பிரிக்கும் முறையும் தென்னிந்தியாவில் வழங்கியது. பெங்களூர்ப் பகுதியில் விறகுத் தீயை மெல்ல நகர்த்திப் பாறையின் மேற்பரப்பைப் பெரும் பலகையாகப் பிரித்தெடுத்த முறையை வார்த் என்பவர் 1895இல் 'நேச்சர்' இதழில் விவரித்துள்ளார். பாறையின் மேற்பகுதி வெப்பத்தால் விரிந்து, குளிர்ந்த அடிப்பகுதியிலிருந்து விலகுவதே இதன் அடிப்படை.

எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவ்வகைப் பாறை ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன் எடையுள்ளது. ஐந்து மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் கனமும் கொண்ட கல் 13 டன்னைத் தாண்டும். தென்காசிக் கோயில் மண்டபத்தில் வீரபத்திரர், மன்மதன், ரதி முதலிய உருவங்கள் தூணோடு இயைந்து ஒரே கல்லில் வடிக்கப்பட்டுள்ளன. உருவம் தூணிலிருந்து எவ்வளவு வெளியே நீள்கிறதோ அவ்வளவு அகலமான கல்லை மலையிலிருந்து இறக்கியாக வேண்டும். வெட்டிக் கழிக்கப்பட்ட பகுதியின் எடையையும் சேர்த்தே சுமந்திருக்கிறார்கள். ஆகவே அச்சிற்பங்களின் பெருமை உளியோடு தொடங்கவில்லை. கல்லைத் தேர்ந்த கண்ணோடு தொடங்குகிறது.

தமிழ் இலக்கியம் இம்மலையை எவ்வாறு கண்டது என்பதையும் உடன்வைத்துப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளம் கூறும் பகுதி தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்தது. அங்கு மலை என்பது அருவியும் தேனும் கனியும் விலங்கும். அது கல் தரும் இடமாகப் பேசப்படுவதில்லை. இலக்கியத்தின் மீது இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. குறவஞ்சிக்கு அது வேண்டியதில்லை. ஆனால் குற்றால மலையை இலக்கியத்தின் வழியாகவே அறிந்த ஆய்வு மரபு, கோயிலில் உள்ள கல்லையும் மலையையும் இணைத்துக் காணாமல் போனதற்கு இப்பழக்கமும் ஒரு காரணம் எனலாம்.

5. கல்லின் குற்றம்: சிற்ப நூல் மரபு

கல்லைத் தேர்வது குறித்துச் சிற்ப நூல்கள் தனியே பேசுகின்றன. ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்ற பகுப்பும், இளமை, நடுவயது, முதுமை என்ற பகுப்பும் அவற்றுள் உள்ளன. தட்டிப் பார்த்து எழும் ஓசையால் கல்லை இனங்காணும் வழக்கம் இன்றும் சிற்பிகளிடம் உண்டு. கல்லில் கோடு, புள்ளி, கறை ஆகிய குற்றங்கள் இருத்தலாகாது என்பதும் அந்நூல்களின் விதி. உள்ளே தேரை இருக்கும் கல் ஆகாது என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்தது.

இம்மரபைப் பற்றிய எழுத்துகள் இருவகைப்படுகின்றன. ஒருசாரார் இதைச் சடங்கு என்று ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார் இன்றைய அறிவியலுக்கு மேலான ஞானம் என்று புகழ்கின்றனர். இருசாராரும் கல்லோடு பொருத்திப் பார்ப்பதில்லை. பொருத்திப் பார்த்தால் விதிகளின் பொருள் துலங்குகிறது. பாறையில் ஓடும் கோடு பெரும்பாலும் குவார்ட்ஸ் அல்லது பெக்மடைட் இழை, அன்றேல் மூடிய விரிசல்; அழுத்தம் ஏறும்போது கல் அவ்வழியே பிரியக்கூடும். புள்ளி என்பது பயோடைட் அல்லது கார்னெட் திரள். உளி அவ்விடத்தில் சீராக ஓடாது. கறை என்பது இரும்புக் கனிமம் நீர்பட்டுத் துருவேறியதன் அடையாளம். சிதைவு உள்ளே தொடங்கிவிட்டதை அது சொல்கிறது. ஓசையும் அவ்வாறே. விரிசலற்ற இறுகிய கல்லில் அதிர்வு தடையின்றிச் சென்று மணியோசை தரும்; உட்பிளவோ தளர்ச்சியோ உள்ள கல்லில் அது மழுங்கும். தேரையின் கதை கல்லின் உள்ளே வெற்றிடம் இருக்கலாம் என்ற எச்சரிக்கையை நினைவில் நிறுத்தும் வழி எனக் கொள்ளலாம்.

இப்பின்னணியில் அரசனின் செய்யுளிலுள்ள 'குற்றம்' என்ற சொல்லை மீண்டும் நோக்கலாம். அச்சொல்லுக்குச் சமயநிலையில் வழிபாட்டுக் குறைவு என்றும், ஆட்சிநிலையில் கோயிற் சொத்துக்கு நேரும் கேடு என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. அவற்றோடு, கோயில் கட்டும் தொழிலாளர் நடுவே அன்றாடம் வழங்கிய தொழிற்சொல் என்ற மூன்றாம் பொருளையும் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. பல ஆண்டுகள் கட்டடப் பணியை முன்னின்று நடத்திய ஓர் அரசனுக்குக் கல்லின் குற்றம் எதுவென்று தெரியாமல் இருந்திருக்க இயலாது. மேலும், குற்றத்தை நீக்குபவர் அரசராக இருக்க வேண்டும் என்று அவன் வரையறுக்கவில்லை. எவராயினும் என்னும் அவ்விளிப்பில் உளி பிடித்த கல்தச்சனுக்கும் இடமிருக்கிறது.

6. கோபுரம்: இரு பொருள்களின் கட்டடம்

'முழுவதும் கருங்கல்' என்ற தொடர் மிகவும் தவறும் இடம் கோபுரம். தமிழகப் பெருங்கோபுரங்களில் அதிட்டானமும் சுவரும் சேர்ந்த கீழ்ப்பகுதி கல்லாலும், அதன்மேல் உள்ள நிலைகள் செங்கல், சுண்ணாம்புக் காரை, சுதை, மரம் ஆகியவற்றாலும் அமைவது பொது வழக்கம். கல்லின் இயல்பே இதற்குக் காரணம். இவ்வகைப் பாறைகள் மேலிருந்து அமுக்கும் பாரத்தை எளிதில் தாங்கும். வளைக்கும் விசைக்கு ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கே தாங்கும். ஆகவே கல் உத்திரம் நெடுந்தொலைவு பாய இயலாது. மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதும், தூண் தலையில் போதிகை இருபுறமும் நீண்டு உத்திரத்தின் பாய்ச்சலைக் குறைப்பதும் இதனாலேயே. கோபுரத்தில் உயரம் கூடக் கூட எடை குறைய வேண்டும். அங்குச் செங்கல் பொருந்துகிறது. நிலைகளின் வாயில்களிலும் தளங்களிலும் மரம் வளைவு விசையை ஏற்கிறது.

இவ்வமைப்பு ஒரு சிக்கலையும் உடன்கொணர்கிறது. கட்டடத்தின் அடியும் முடியும் வெவ்வேறு ஆயுளுடையவை. மரம் உளுக்கும், எரியும். காரை மழையில் கரையும். இடுக்குகளில் அரசும் ஆலும் வேரூன்றும். கல் அடித்தளம் அப்படியே நிற்கும். தென்காசியில் நேர்ந்ததும் இதுவே. மேல்நிலைகள் அழிந்தபின் கல்லால் ஆன கீழ்ப்பகுதி மட்டும் நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. அதன்மேல் ஒன்பது நிலைகள் புதிதாக எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்கு நடந்தது. இன்று ஏறத்தாழ 180 அடி உயரத்தில் நிற்கும் கோபுரத்தில் 15ஆம் நூற்றாண்டும் 20ஆம் நூற்றாண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. வழிகாட்டி நூல்கள் அதை ஒரே காலத்துக் கட்டடமாகவே அறிமுகப்படுத்துகின்றன.

7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டுக் குடைவரையில், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றித் தான் அதை அமைத்ததாகப் பொறித்தான். அழியும் பொருள்களை விலக்கியதில் அவனுக்குப் பெருமை. எட்டு நூற்றாண்டு கழித்துப் பராக்கிரம பாண்டியன் அப்பொருள்களும் சேர்ந்த ஒரு கோபுரத்தைத் தொடங்கினான். பெருமையைச் சொன்னதோடு பழுதையும் முன்னுணர்ந்து சொன்னான். முன்னவனின் கல்வெட்டு பொருளைத் தேர்ந்ததைப் பேசுகிறது. பின்னவனின் செய்யுள் பொருளின் வரம்பைப் பேசுகிறது. தமிழகக் கட்டடக்கலை குறித்த தன்னுணர்வின் வரலாற்றில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

7. குற்றாலம்: நீரும் மரமும்

தென்காசிக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலம் இவ்வாதத்திற்கு இரு சான்றுகளைத் தருகிறது. முதலாவது பேரருவி. மேலிருந்து விழும் நீர் இடையில் பொங்குமாக்கடல் என்னும் ஆழ்ந்த குழியில் விழுந்து, நிரம்பிப் பொங்கிக் கீழே இறங்குகிறது. நீரோடு சுழலும் கூழாங்கற்கள் பாறையை அரைத்து அரைத்து இத்தகைய குழிகளை உண்டாக்குகின்றன. அருவிக்கரைப் பாறைகளில் செதுக்கப்பட்ட இலிங்கங்களும் நீரின் தொடர்ந்த உராய்வுக்கு உட்பட்டே இருக்கின்றன. கல்லை நிலைபேற்றின் உருவகமாகக் கொள்ளும் நம் வழக்கத்திற்குக் குற்றாலமே மறுப்பாக இருக்கிறது.

இரண்டாவது சித்திர சபை. நடராசப் பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றான இது, மரவேலைப்பாடும் செப்புத் தகட்டுக் கூரையும் சுவரோவியங்களும் கொண்டது. அதன் பொருள்கள் எதுவும் கல்லைப் போல் தன்னை மறக்கவிடுவதில்லை. கூரை ஒழுகினால் ஓவியம் கெடும். மரம் உளுத்தால் கூரை சாயும். ஆகவே அக்கட்டடத்தைக் காப்பது என்பது ஒவ்வொரு தலைமுறையும் செய்ய வேண்டிய பணி என்பது யாவர்க்கும் விளங்குகிறது. கல் மட்டும் தானாகவே நிற்கும் என்று எண்ணி நாம் அதைக் கவனிப்பதை விட்டுவிடுகிறோம். தென்மேற்குப் பருவத்தின் சாரலும் வடகிழக்குப் பருவத்தின் மழையும் இரண்டும் பெறும் இவ்வட்டாரத்தில் கல் ஆண்டின் பல மாதங்கள் ஈரத்தில் இருக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் மெல்லக் களிமண்ணாகிறது, பயோடைட் நீரேறி விரிகிறது, கற்பாசி படர்கிறது. மாற்றம் மெதுவாக நடப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை.

8. திருப்பணியும் எழுத்தின் இழப்பும்

கல்லை வேறுபாடின்றி வலிமையானதாகக் கருதும் போக்கு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. கோயிற் கற்களைத் தூய்மை செய்ய மணலை அழுத்தக் காற்றோடு வீசும் முறை தமிழகத்தில் பரவலாகக் கையாளப்பட்டது. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அதன் கடினம் மோஸ் அளவையில் 7. ஃபெல்ட்ஸ்பார் 6, பயோடைட் மூன்றுக்கும் கீழ். ஆகவே வீசப்படும் மணல் அழுக்கோடு மென்கனிமங்களையும் பெயர்த்தெடுக்கிறது. வழவழப்பான முகப்பு சொரசொரப்பாகி, முன்னைவிட அதிக நீரையும் அழுக்கையும் பிடித்துவைக்கிறது. ஆழமின்றிப் பொறிக்கப்பட்ட எழுத்துகளின் விளிம்பு மழுங்கிப்போகிறது. இணைப்புகளில் பூசப்படும் சிமெண்ட் கல்லின் ஈரம் வெளியேறும் வழியை அடைத்து உப்பை உள்ளே தேக்குகிறது. சென்னை உயர் நீதிமன்றம் தொடர்பான நடவடிக்கையில் யுனெஸ்கோ வல்லுநர் குழு 2017இல் அளித்த அறிக்கை, தமிழகத் திருப்பணிகளில் மரபுக்கு ஒவ்வாத முறைகள் புகுந்திருப்பதைச் சுட்டியது.

கல்வெட்டு ஆய்வாளர்க்கு இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. அச்சில் ஏறிவிட்ட கல்வெட்டு பாதுகாக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பாடம் ஐயுறும்போது மீண்டும் சென்று பார்க்க வேண்டியது கல்லைத்தான். அக்கல்லின் முகப்பு தேய்ந்துவிட்டால் அச்சுப் பதிப்பின் பிழைகள் என்றும் திருந்தா. தென்காசியில் 2025 ஏப்ரலில் மீண்டும் ஒரு குடமுழுக்கு நடந்தது. ஒவ்வொரு திருப்பணியும் அரசன் குறித்த 'குற்றம் நீக்கல்' என்ற செயலின் ஒரு தொடர்ச்சி. குற்றத்தை நீக்குவோரைப் பணிந்த அவன், நீக்கும் முறை நேராக இருக்க வேண்டும் என்றும் கருதினான் என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

மறுபுறம், கல் எடுத்த இடங்களும் மறைந்து வருகின்றன. 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் கல்குவாரிகள் பெருகி, பாறைகள் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் உடைபடுகின்றன. புளியரை வழியாகக் கேரளத்திற்குச் செல்லும் கனிமங்கள் குறித்து இப்பகுதியில் தொடர்ந்து விவாதம் நடக்கிறது. அவ்விவாதம் சாலை, சுற்றுச்சூழல், வருவாய் ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. பழைய ஆப்புக் குழிகள் உள்ள பாறை தொல்லியல் சான்று என்ற கருத்து அங்கு எழுவதில்லை. கோயில் பாதுகாக்கப்பட்ட சின்னமாகலாம்; அதன் கல் பிறந்த பாறைக்கு அத்தகைய மதிப்பு எதுவும் இல்லை. ஒரு வெடியில் அத்தடயம் போய்விடும்.

9. முடிவுரை

இத்திறனாய்வால் பெறப்படுவன வருமாறு:

'கருங்கல்' என்னும் சொல் பேச்சுக்குப் போதுமானது, ஆய்வுக்குப் போதாது. தென்காசி வட்டாரத்தில் அருகருகே உள்ள பாறைகளே வெவ்வேறு ஆயுளும் இயல்பும் உடையவை. ஆகவே கோயில் ஆய்வேடுகளில் கட்டடக் கூறுகளை வருணிக்கும்போது, கல்லின் நிறம், பட்டைப்போக்கு, மணியளவு, உளித்தடம், சிதைவின் தன்மை ஆகியவற்றைக் கண்ணால் கண்ட அளவிலேனும் பதிவுசெய்தல் வேண்டும். இதற்குக் கருவியோ ஆய்வகமோ தேவையில்லை. அடுத்த நிலையில் நிலவியல் துறையினருடன் இணைந்து, கோயிற் கல்லுக்குக் கேடின்றி ஒப்பாய்வு செய்ய இயலும்.

கல்வெட்டுப் பதிப்புகளில் எழுத்தோடு கல்லின் நிலையும் குறிக்கப்படுதல் வேண்டும். ஒரே கல்வெட்டைச் சில பத்தாண்டு இடைவெளியில் மீண்டும் காண்போர்க்கு அக்குறிப்பே சிதைவின் வேகத்தை அளக்க உதவும்.

சிற்ப நூல்களின் கற்பரீட்சையைப் புகழ்தலும் இகழ்தலும் விடுத்து, பாறையியலோடு விதிவிதியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். உளியோசையைக் கேட்டுக் கல்லை மதிப்பிடத் தெரிந்த கல்தச்சர்கள் இன்னும் இருக்கின்றனர். அவர்களின் சொற்களைத் தொகுப்பது அகராதிப் பணியும் ஆகும்.

பராக்கிரம பாண்டியனின் வேண்டுகோட் செய்யுள், கட்டடம் அழியக்கூடியது என்பதை அறிந்து எழுதப்பட்ட ஒன்றாகப் படிக்கத்தக்கது. கல்லில் பொறித்தால் என்றும் நிற்கும் என்ற நம்பிக்கையை அவன்மேல் ஏற்றியது பின்வந்த நம் எழுத்தே. அவன் கல்லை நம்பிய அளவுக்குக் கல்லைப் பார்த்துக்கொள்ள வரும் மனிதரையும் நம்ப வேண்டியிருந்தது. அம்மனிதர் வரிசையில் திருப்பணி செய்வோரும், கல்தச்சரும், கல்வெட்டைப் படிக்கும் ஆய்வாளரும் அடங்குவர்.